முதலும் முதலையும்

கலிபோர்னியா ஒயினின் தந்தை யார் என்று சொனோமா பள்ளத்தாக்கில் கேட்டால், அகோஷ்டன் ஹராஸ்தி என்பார்கள். இந்தத் தந்தை உறவில் ஒரு சின்ன நெருடல். அவர் பிறப்பதற்கு முன்பே ஸ்பானியப் பாதிரியார்கள் கலிபோர்னியாவின் மிஷன் தோட்டங்களில் திராட்சை மிதித்து ஒயின் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து சேர்வதற்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பிரெஞ்சுக்காரர் அதை வியாபாரமாகவே நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடை பழகிய பிறகு உள்ளே நுழைந்து "நான்தான் அப்பா" என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். நம் ஆளிடம் அது பீப்பாய் பீப்பாயாக இருந்தது.

1812-ல் ஹங்கேரியின் பெஸ்ட் நகரில் பிறந்தவர். 1840-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சிறு பிரபுக் குடும்பம்தான், ஆனால் 'கவுண்ட்' பட்டம் கிடையாது. அமெரிக்காவில் கால் வைத்ததும் 'கவுண்ட்' ஹராஸ்தி ஆகிவிட்டார். ஹங்கேரிக்கு ஆளனுப்பி யார் விசாரிக்கப்போகிறார்கள்? பிற்பாடு கவுண்ட் அலுத்துப்போய்க் 'கர்னல்' ஆனார். எந்தப் போர்க்களம் என்று கேட்பது நாகரிகமில்லை.

திராட்சைக் குச்சியை நட்டால், ஒயினுக்கு உருப்படியாகக் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். ஹராஸ்திக்கு ஒயின் மீது இருந்தது வெறி. அந்த மூன்று நான்கு வருடம் ஓரிடத்தில் உட்காருவதுதான் அவரால் ஆகாத காரியம்.

முதலில் விஸ்கான்சின். போன வேகத்தில் ஒரு ஊரையே உண்டாக்கி அதற்குத் தன் பெயரையே வைத்தார். கடை, படகுத்துறை, நீராவிப் படகு என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். பிறகு ஆற்றங்கரைச் சரிவில் திராட்சை நட்டு, ஒயினை இறக்கிவைக்கக் குகையும் தோண்டினார். விஸ்கான்சின் குளிரில் ஆறே உறைந்துபோகும். கொடிக்கு மட்டும் சலுகை கொடுக்குமா? கருகிப் போயிற்று. குகை மிச்சம். அந்த இடத்தில் இன்று ஓர் ஒயின் ஆலை நன்றாகவே நடக்கிறது. குளிர் தாங்கும் ரகமாகப் பார்த்து நட்டால் போதுமாம். ஊரும் பெயரை மாற்றிக்கொண்டு சாக் சிட்டி ஆகிவிட்டது.

1849-ல் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு சான் டியாகோ. அடுத்த வருடமே ஷெரீஃப். ஊருக்கு ஒரு சிறைச்சாலை வேண்டும் என்றார்கள். குறைந்த தொகை கேட்டவர் இருந்தும் கட்டுமான ஒப்பந்தம் ஹராஸ்திக்குக் கிடைத்தது. நகர சபையில் அவர் அப்பா அமர்ந்திருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் சொல்லமாட்டேன். நமக்கெல்லாம் ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரியாதா? அந்தச் சிறையில் அடைபட்ட ராய் பீன் என்ற கைதி, சாப்பாட்டுக்குள் ஒளித்து வந்த கத்தியால் சுவரைத் தோண்டி வெளியே போனதாகக் கதை. அந்தக் கைதி பின்னாளில் டெக்சாஸில் நீதிபதியாகிப் புகழ்பெற்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கட்டுமானம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது.

பிறகு சட்டமன்ற உறுப்பினர். பிறகு சான் பிரான்சிஸ்கோ பக்கம் நிலம் வாங்கித் திராட்சை. அங்கே மூடுபனி. இன்னும் தெற்கே தள்ளி வேறு நிலம் வாங்கினார். அங்கேயும் மூடுபனி.

கொடிதான் காய்க்கவில்லை, தங்கமாவது காய்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சான் பிரான்சிஸ்கோ தங்கசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கத்தை உருக்கிச் சுத்தம் செய்யும் பொறுப்பு. 1857-ல் கணக்குப் பார்த்தபோது 1,51,550 டாலர் மதிப்புள்ள தங்கத்தைக் காணோம். எங்கே என்று கேட்டதற்கு அவர் தரப்பு சொன்ன பதில் சரித்திரத்தில் இடம்பெறத் தக்கது: புகைபோக்கி வழியாகப் போய்விட்டது. உலைகளை ராப்பகலாக ஓட்டச் சொன்னீர்கள், தங்கம் புகையோடு பறந்துவிட்டது! நம் ஊரில் எலி தின்ற கோப்பும், மழையில் நனைந்த ஆவணமும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர் புகையாகப் போனது புதிது. வேடிக்கை என்னவென்றால், சுற்றுப்புறக் கூரைகளைச் சுரண்டிப் பார்த்தால் நிஜமாகவே தங்கத்துகள் இருந்தது. நான்கு வருடம் இழுத்து, 1861-ல் வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது.

இதற்கு நடுவில், நிஜமாகவே ஒரு நல்ல காரியம் செய்தார். 1857-ல் சொனோமாவில் 'புவெனா விஸ்டா' தோட்டத்தைத் தொடங்கினார். இந்த ஒரு இடத்தில் அவரைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. எல்லோரும் சமதரையில் தண்ணீர் பாய்ச்சிப் பயிர் செய்துகொண்டிருந்தபோது, சரிவில் நடு, தண்ணீர் காட்டாதே என்றார். வேர் ஆழம் தேடிப் போகும், பழத்தில் சாரம் ஏறும். ஓக் மரம் கிடைக்கவில்லையா, உள்ளூர் ரெட்வுட்டில் பீப்பாய் செய் என்றார். 1858-ல் இதையெல்லாம் அறிக்கையாகவே எழுதினார். படித்துவிட்டு மற்றவர்களும் நட ஆரம்பித்தார்கள். மலையைக் குடைந்து ஒயின் குகைகளைத் தோண்டியவர்கள் சீனத் தொழிலாளர்கள். தந்தைப் பட்டம் கொடுக்கும்போது அவர்களில் ஒருவர் பெயரும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வழக்கு முடிந்த கையோடு, மாநிலத்தின் ஆணையர் என்ற பட்டத்தோடு ஐரோப்பா கிளம்பினார். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் என்று சுற்றி, ஒரு லட்சம் திராட்சைக் கன்றுகளோடு திரும்பினார். அரசாங்கத்திடம் 12,000 டாலருக்கு பில் நீட்டினார். சம்பளமில்லாத பதவிதானே அது என்று சட்டமன்றம் கையை விரித்தது. ஒரு லட்சம் கன்றுகளும் பெயர்ச்சீட்டு மாறி, யார் வீட்டுப் பிள்ளை எது என்று தெரியாமல் கலிபோர்னியா முழுக்கச் சிதறின.

கையில் காசில்லை, ஆகவே பெரிதாகச் செய்வோம் என்று முடிவெடுத்தார். 1863-ல் சான் பிரான்சிஸ்கோ வங்கிக்காரர் வில்லியம் ரால்ஸ்டனின் பணத்தோடு தோட்டத்தைக் கம்பெனியாக்கினார். அதே வருடம் ஜூன் 1 அன்று மகன்கள் அட்டிலா, அர்பாத் இருவருக்கும், சொனோமாவின் பெரும்புள்ளி ஜெனரல் வயேஹோவின் இரு மகள்களோடு ஒரே மேடையில் கல்யாணம். அக்கம்பக்கத்தில் போட்டிபோட்டு ஒயின் செய்த இருவரும் சம்பந்திகள் ஆனார்கள். பிரான்ஸில் ஷாம்பெயின் தொழில் கற்றுவந்த அர்பாத் இங்கே செய்து பார்த்தது நுரைக்கவில்லை. கம்பெனியை விட்டுப் போய் அவர் சொந்தமாகச் செய்தது பிற்பாடு நன்றாகவே நுரைத்தது.

சீக்கிரம் கொடிகளைப் பெருக்க ஹராஸ்தி பதியம் போட்டார். கொடியை வளைத்து மண்ணில் புதைத்தால் வேர்விட்டு இன்னொரு கொடி. திடீரென்று கொடிகள் பழுப்பேறி, வாடி, நோஞ்சானாகின. பதியம்தான் காரணம் என்று பங்குதாரர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். உண்மைக் குற்றவாளி ஃபிலோக்செரா என்ற வேர்ப்பேன். அதன் பெயரையே அப்போது அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. தங்கத்துக்குப் புகைபோக்கி சாட்சி சொன்னது. திராட்சைக்குப் பேன் வந்து சாட்சி சொல்லவில்லை. தானே தொடங்கிய ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திவாலானார்.

1868-ல் நிகரகுவாவுக்குப் போய்க் கரும்பு போட்டு ரம் காய்ச்சத் திட்டமிட்டார். 1869 ஜூலை 6 அன்று ஆற்றங்கரைக்குப் போனவர் திரும்பவில்லை. ஆற்றின் மேல் சாய்ந்திருந்த கிளையில் ஏறிக் கடக்கப் பார்த்தார், கிளை முறிந்தது, கீழே முதலை என்பது குடும்பத்தார் ஊகம். முதலை தரப்பு விளக்கம் கிடைக்கவில்லை.

கலிபோர்னியாவின் செல்லத் திராட்சையான ஜின்ஃபண்டெலைக் கொண்டுவந்ததே அப்பாதான் என்று அர்பாத் பிற்காலத்தில் ஊரெல்லாம் சொன்னார். ஊரும் நம்பியது. பிறகு ஆராய்ந்தவர்கள், ஹராஸ்தி ஹங்கேரியிலேயே இருந்த 1830-களில் அது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் கன்றாக விற்பனைக்கு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2001-ல் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் மெரடித் குழு மரபணுச் சோதனையில் அதன் பூர்வீகத்தைப் பிடித்தது: குரோவேஷியக் கடற்கரையின் காஷ்டெலா. ஹராஸ்தி காலத்தில் அந்தக் கரையும் அவர் பிறந்த பெஸ்டும் ஒரே ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ்தான் இருந்தன. இது மட்டும் அவர் காதில் விழுந்திருந்தால், எங்கள் ஊர்ச் சரக்குதானே என்று அந்த 12,000 டாலர் பில்லை வட்டி போட்டு மறுபடி அனுப்பியிருப்பார்.