ஒரு ராத்திரிக்கு ராக்கெட் இரவல்

விண்வெளி வியூக விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர் கப்பல் கட்டிவிடுவார், கோள் பிடித்துவிடுவார். செல்வாக்கு, உளவு என்ற இரண்டு பொத்தான்கள் முன்னால் வந்ததும் திருதிருவென்று முழிப்பார். எதில் எவ்வளவு போடுவது? உளவாளியை எப்போது அனுப்புவது? மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? விடைகள் எல்லாம் 1959லேயே கிடைத்துவிட்டன. அன்றைக்கு இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் மாஸ்கோ, இன்னொருவர் வாஷிங்டன்.

கேள்வி: செல்வாக்கைச் சம்பாதிப்பது எப்படி?

உயரத்துக்குப் போய்ச் சத்தம் போட வேண்டும். 1957 அக்டோபர் 4 அன்று மாஸ்கோ அனுப்பிய ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் எடை 83.6 கிலோ. 'பீப் பீப்' என்பதற்கு மேல் அது ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கே உலகம் வாயைப் பிளந்தது.

ரோஷம் வந்த அமெரிக்கா டிசம்பர் 6 அன்று வான்கார்டு ராக்கெட்டைப் பற்றவைத்தது. அது நாலடி எழும்பியது, மேற்கொண்டு போக மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்து வெடித்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பத்திரிகைக்காரர்கள் 'ஃப்ளாப்நிக்', 'கபுட்நிக்' என்று பெயர் சூட்டிவிட்டுப் போனார்கள்.

1959 செப்டம்பரில் சோவியத் விண்கலம் லூனா 2 நிலவில் போய் மோதியது. கையோடு அமெரிக்காவுக்குக் கிளம்பினார் சோவியத் தலைவர் குருஷ்சேவ். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர் ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிப் போவார். இவர் நிலவில் போட்ட சோவியத் சின்னத்தின் நகலைக் கொண்டுபோய் அதிபர் ஐசனோவர் கையிலேயே கொடுத்தார். ஐசனோவரும் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

கேள்வி: சம்பாதித்ததை எங்கே செலவழிப்பது?

கண்காட்சியில். சோவியத் சாதனைகளையெல்லாம் மூட்டை கட்டி நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். அதில் நிலவுக்குக் கலம் அனுப்பும் லூனிக் ராக்கெட்டின் மேலடுக்கும் ஒன்று. புதுச்சாயம் பூசி, மூக்கில் சன்னல் வெட்டி, பீடத்தில் ஏற்றிவைத்திருந்தார்கள். வந்தவர்கள் பொம்மை என்று நினைத்தார்கள். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவிலும் அப்படி நினைத்தவர்களே அதிகம். அசல் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எவனாவது ஊர் சுற்றுவானா?

சிலருக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. ஓர் ஊரில் கண்காட்சி முடிந்த பிறகு உள்ளே நுழைந்து தட்டிப் பார்த்தார்கள். அசலேதான்! எஞ்சினையும் மின்னணுக் கருவிகளில் பெரும்பகுதியையும் மட்டும் கழற்றியிருந்தார்கள். பெருமையடிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் மாஸ்கோவுக்கு டூப்ளிகேட் பிடிக்காது.

கேள்வி: உளவாளிக்கு என்ன தகுதி வேண்டும்?

சாக்ஸில் ஓட்டை இருக்கக் கூடாது. காரணம் வருகிறது.

அசல் என்று தெரிந்ததும் இன்னும் நிதானமாக ஆராய ஆசை வந்தது. இடம் மெக்சிகோ. கண்காட்சி முடிந்து பெட்டிகள் லாரி லாரியாக ரயில்வே யார்டுக்குப் போகின்றன. யார்டில் ஒரு சோவியத் ஆசாமி வருவதையெல்லாம் குறித்துக்கொள்கிறார். என்னென்ன வர வேண்டும் என்ற பட்டியல் மட்டும் அவரிடம் இல்லை. கண்காட்சித் திடலோடு பேசவும் வழியில்லை.

லூனிக் அன்றைய கடைசி லாரியில் ஏறும்படி சிஐஏ பார்த்துக்கொண்டது. பின்னாலேயே சோவியத் காவல் வருகிறதா என்று நோட்டம் விட்டார்கள். ஈ, காக்கை இல்லை. யார்டுக்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் லாரி நின்றது. பழைய டிரைவரை ராத்தங்க ஹோட்டல் அறைக்குக் கூட்டிப்போனார்கள். தார்ப்பாய் போர்த்திய லாரியைப் புது டிரைவர் பத்தடி வேலி போட்ட ஒரு காயலான் கடைக்குள் விட்டார். நிலவுக்குப் போகிற வகை ராக்கெட் அங்கேதான் ராத்தங்கல்.

யார்டு ஆசாமி சாப்பிடப் போனார். பிறகு தன் அறைக்குத் தூங்கப் போனார். அந்தத் தூக்கத்துக்கு விடிய விடியக் காவல் இருந்தது சிஐஏ.

பெட்டி 20 அடி நீளம், 11 அடி அகலம், 14 அடி உயரம். நாலு பேர் ஏறிக் கூரைப் பலகைகளைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். திடீரென்று அந்த இடமே பகல் மாதிரி வெளிச்சமானது. எல்லோர் வயிற்றிலும் புளி கரைந்தது. சோவியத் பொறியா? இல்லை, தெருவிளக்கு. தினமும் அந்நேரத்துக்கு எரிகிற விளக்கு. ராக்கெட் கடத்தலுக்கு நிமிஷக் கணக்கில் திட்டம் போட்டவர்கள், விளக்கு எத்தனை மணிக்கு எரியும் என்று விசாரிக்கவில்லை.

உலோகத்தில் கீறல் விழக் கூடாதே என்று ஷூக்களைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். மூக்குப் பக்கம் இரண்டு பேர், வால் பக்கம் இரண்டு பேர். வால் மூடியில் மட்டும் 130 போல்ட். அத்தனையையும் கழற்றினால் உள்ளே கம்பி கட்டி, சோவியத் முத்திரை குத்திய பிளாஸ்டிக் சீல். பிய்த்தால் குட்டு வெளிப்படும். பிய்க்காவிட்டால் வந்த காரியம் கெடும். இதே மாதிரி ஒன்று விடிவதற்குள் கிடைக்குமா என்று சிஐஏவின் உள்ளூர்க் கிளையைக் கேட்டார்கள். கிடைக்கும் என்றது. வெட்டியெடுத்துக் காரில் கொடுத்தனுப்பினார்கள். படம் எடுத்தார்கள், எண்களைக் குறித்தார்கள். அதிகாலை 3 மணிவாக்கில் புது சீல் வந்து சேர்ந்தது.

கேள்வி: மாட்டிக்கொண்டால்?

மாட்டவில்லையே! 5 மணிக்கு லாரி கிளம்பியது, பழைய டிரைவரே திரும்ப ஏறிக்கொண்டார். 7 மணிக்கு யார்டு ஆசாமி வந்தார், பெட்டியைப் பார்த்தார், முகத்தில் சலனமே இல்லாமல் பதிவு செய்தார், ரயிலில் ஏற்றிவிட்டார்.

கேள்வி: கடைசியில் யாருக்கு எவ்வளவு பாயிண்ட்?

சிஐஏவுக்குக் கிடைத்தவை: இந்த அடுக்கைத் தயாரித்தவர் யாராக இருக்கலாம், இந்த வகையில் இது ஐந்தாவது, மின்பாகம் கொடுத்தவர்கள் மூன்று பேர், பாகங்களுக்கு எண் போடும் முறை இன்னது. எதிரியின் சரக்கை எடைபோட இவை தங்கம். ஆனால் 1961 ஏப்ரல் 12 அன்று சோவியத் வீரர் ககாரின் விண்வெளிக்குப் போனபோது கைதட்டல் மாஸ்கோவுக்கே விழுந்தது. 'உங்கள் ராக்கெட்டையே ஒரு ராத்திரி வைத்திருந்தோமாக்கும்' என்று வாஷிங்டன் வாய் திறக்க முடியுமா? 1967ல் சிஐஏவின் ரகசிய உள்சுற்று இதழில் கட்டுரையாக எழுதித் தங்களுக்குள் ரசித்துக்கொண்டார்கள்.

விளையாட்டுத் திரையில் செல்வாக்கும் உளவும் தனித்தனிக் கணக்கு. நிஜத்தில் மாஸ்கோ ஊருக்குக் காட்டியதால் பறிகொடுத்தது, வாஷிங்டன் பறித்ததை ஊருக்குக் காட்ட முடியாமல் தவித்தது. ஆகவே புதிதாக ஆட வந்தவர்களே, பாயிண்டை எதில் வேண்டுமானாலும் போடுங்கள். யார்டில் நிற்கிறவருக்கு மட்டும் சரக்குப் பட்டியலின் ஒரு நகலையும், ராத்திரிச் சாப்பாட்டையும் இருக்கிற இடத்துக்கே அனுப்பிவிடுங்கள்.