மொட்டைமாடி மாமா

கொல்கத்தாவில் பவானிபூர்ப் பக்கம் பழைய வீடுகள் நாலு சேர்ந்தாற்போல் இருந்தால், ஒரு மாடியிலாவது இந்த மாமா இருப்பார். எழுபதுகளில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு ஹௌரா மெயிலில் வந்து இறங்கியவர். ஏதோ ஒரு பாங்கிலோ சர்க்கார் ஆபீசிலோ நாற்காலி தேய்த்து ரிடையர் ஆனவர். தலையில் நனைத்த கம்சாத் துண்டு, நகக்கண்ணில் மண், கையில் காது உடைந்த பிளாஸ்டிக் மக். பேப்பரில் அரசியலைத் தொடமாட்டார். அலிப்பூர் வானிலைக்காரர்கள் சொன்னதை மட்டும் படித்துவிட்டு, "இவாளுக்கு என்ன தெரியும்?" என்று மடித்து வைத்துவிடுவார்.

குளிர்காலத்தில் தோட்டம் போடுகிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. டிசம்பரில் டேலியாவும் சாமந்தியும் யார் வைத்தாலும் பூக்கும், அதில் என்ன சாமர்த்தியம்? வில்லியம் கேரி 1820-ல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம் அலிப்பூரில் மலர்க் கண்காட்சி வைப்பதும் குளிரில்தான். நடுவர், கோப்பை, எதிர்மாடிக்காரர் டேலியா நம்முடையதைவிட ஒரு சுற்று பெரிசாக இருக்கிறதே என்ற வயிற்றெரிச்சல். சித்திரை பிறந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் ஓய்ந்துவிடும். அந்த வெயிலில் எதுவும் பிழைக்கும் என்று ஒருத்தரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகையால் பிழைத்ததெல்லாம் மாமாவின் வெற்றி.

மே மாதம் கொல்கத்தாவில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் ஆஜர். மாமா அதற்கு முன்னாலேயே மாடியில். மதுரையிலிருந்து மச்சினர் ஆறரைக்குக் கூப்பிட்டு "எழுந்தாச்சா அத்திம்பேர்?" என்று கேட்டால், அன்று முழுக்க அந்தப் பெருமை போதும். வெயில் ஏற ஏறப் பத்துமணிப்பூ விரிவதை இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பார். வேலையில் இருந்த காலத்தில் பத்து மணிக்கு அவர் ஒருநாளும் ஆபீசில் இருந்ததில்லை என்பது மாமி தரும் உபரித் தகவல்.

வங்காளி வீடுகளில் பொய்ஷாக் மாதம் துளசிக்கு மேலே அடியில் ஓட்டை போட்ட பானையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழும். அடுத்த வீட்டு மாடியில் இதைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்கு நிலைகொள்ளவில்லை. துளசிக்கு மட்டும் என்ன சலுகை? மருந்துக்கடையில் சலைன் குழாய்கள் வாங்கி, தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்துக் கட்டி, ரோஜா, மல்லி, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் டிரிப் ஏற்றிவிட்டார். இப்போது மாடி அசல் ஆஸ்பத்திரி வார்டு. காலையும் மாலையும் மாமா ரவுண்ட்ஸ் போகிறார்.

உர விவகாரம்தான் கொஞ்சம் சிக்கலானது. கடுகுப் புண்ணாக்கை வாளியில் ஊறப்போட்டு, நாலைந்து நாளில் அது பொங்கி நுரைக்கும்போது தெருவே ஜன்னலைச் சாத்தும். அதைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவருக்கு மட்டும் மூக்கு வேலை செய்யாது. அதுகூடப் பரவாயில்லை. வெங்காயமே நாள்கிழமை பார்த்து நுழைகிற வீட்டில், மாடிப்படிக்கு அடியில் 'கால்சியம்' என்று எழுதிய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே எலும்புத்தூள்.

"என்னன்னா இது, வெள்ளையா?"

"பாஸ்பரஸ் டீ. வேருக்கு நல்லது."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கீழ் வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, மீன் கழுவிய தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து, "மேஷோமொஷாய், ரோஜாவுக்கு!" என்று கொடுக்கும்போது மட்டும் மாமி கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். கைம்மாறாக பௌதிக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை. குஜராத்தி வீட்டுக்கும் போகும். லேக் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபமாக இருக்கும்.

எதிரி என்றால் கார்ப்பரேஷன் டெங்குக்காரர்கள். மாடிக்கு ஏறி, தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துப் பார்ப்பார்கள். "என் தட்டில் கொசு முட்டையிடாது, அதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும்" என்று மாமா வங்காள மொழியில் வாதாடுவார். வந்தவர்களில் ஒரு பெண் டார்ச் அடித்துக் காட்டுவாள். புழு துள்ளும். மறுநாள் எல்லாத் தட்டிலும் மணல்.

அவருடைய குருக்ஷேத்திரம் 2024 ஏப்ரல் 30. அன்று கொல்கத்தாவில் 43 டிகிரி. யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு: மாமியின் சுங்கடிப் புடவைகளால் பந்தல் கட்டியது, ஒரு மணிக்கு ஒரு தரம் இலைக்குத் தண்ணீர் தெளித்தது, காஸ்டஸ் மாதிரி ஏதோ ஒரு செடி மட்டும் வீரமரணம் அடைந்தது. மாமிக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது, புடவைகளின் காரணமாக.

சாயங்காலம் வடமேற்கே கறுத்து, கால்பொய்ஷாகிப் புயல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும்போது ஊரே காற்று வாங்க மாடிக்கு ஓடும். மாமா நைலான் கயிற்றோடு ஓடுவார். பந்தல் பறக்கும், இரண்டு தொட்டி உருளும், முழுக்க நனைந்து சிரித்துக்கொண்டு இறங்குவார். தும்மல் மூன்று நாள்.

பெங்களூரில் இருக்கும் பெண் வருஷா வருஷம் "கோடைக்கு இங்கே வாங்கோப்பா, ஜிலுஜிலுன்னு இருக்கு" என்று கெஞ்சுகிறாள். "மல்லியை யார் பாத்துப்பா?" ஆனால் ஜனவரியில் கூப்பிடாமலேயே போய் நிற்பார்.

ஜூன் வாக்கில் அறுவடை. இந்த வருஷம் ஏழு வெண்டைக்காய். மண், புண்ணாக்கு, தொட்டி, சலைன் குழாய் எல்லாம் கூட்டி, காய் ஒன்றுக்கு என்ன அடக்கவிலை என்று மாமி கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள், இன்னும் வெளியிடவில்லை. ஏழு காய் சாம்பாருக்குக் காணாதென்று ஜகுபாபு பஜாரிலிருந்தும் அரைக்கிலோ வந்தது. மாமா சாப்பிட உட்கார்ந்து, சாம்பாரிலிருந்து ஒரு துண்டை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது நம்மாத்து வெண்டக்கா. அந்த ருசியே தனி!"

"உங்களோட ஏழும் நேத்திக்கே வதக்கியாச்சு," என்றாள் மாமி. "உப்பில்லைன்னு தட்டுலயே ஒதுக்கி வெச்சேளே, அதுதான்."