அப்பாயியின் கை

அப்பாயியின் புறங்கையிலும் முன்கையிலும் நாவல்பழ நிறத்தில் திட்டுத் திட்டாக ரத்தம் கட்டியிருக்கும். அடிபட்ட ஞாபகம் அவளுக்கே இருக்காது. குடத்தின் விளிம்பு உரசினால் போதும். 1978இல் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அதற்கு இரண்டே காரணம்தான் தெரியும். காட்டேரி அடித்துவிட்டது என்று மந்திரித்தார்கள், மூசாம்பரம் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். அதில் அடங்காதபோது பழி அம்மாமேல் விழுந்தது. "மருமக கையைப் புடிச்சு முறுக்குறாளாம்" என்ற பேச்சு படித்துறைவரை போயிற்று. "அவ தங்கமான பொண்ணுடி" என்று அப்பாயி சொன்னதை, பயந்து சொல்கிறாள் என்றார்கள். அம்மா அந்தப் படித்துறைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

போன வருஷம் அதே திட்டு என் கையில். என் மருமகள்தான் முதலில் பார்த்து, அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "வீட்டில் யாராவது கையைப் பிடித்து இழுக்கிறார்களா?" என்று தனியாகக் கேட்டார். இல்லை என்றேன். நம்பினார். அம்மாவுக்காக அந்த ஒரு கணம் தொண்டை அடைத்தது.

பிறகு ஈறில், மூக்கில் ரத்தம் வருகிறதா, முதுகிலும் வயிற்றிலும் திட்டு உண்டா, காலில் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று கேட்டார். அவை இருந்தால் தட்டணுக் குறைவு, கல்லீரல் கோளாறு, அபூர்வமாக ரத்தப் புற்றுநோய்வரை தேட வேண்டுமாம். தட்டணுக்கள் ஒன்றரை முதல் நாலரை லட்சம்வரை இருக்கலாம். எனக்கு இரண்டேகால் லட்சம். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நான் விழுங்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், ஒரு தட்டணுவைத் தொட்டால் அதன் ஆயுளான ஏழெட்டு நாளும் அதை ஒட்டவிடாது. "அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்கம்மா" என்று இரண்டு முறை சொன்னார்.

மீதிக் காரணம் வயதும் வெயிலும். வருஷக்கணக்கான வெயிலில் தோலின் கொலாஜன் தேய்ந்து, மெல்லிய ரத்தக்குழாய்கள் தாங்கலில்லாமல் நிற்கின்றன. லேசான உரசலில் கிழிகின்றன. சாதாரண ரத்தக்கட்டு பச்சையாகி மஞ்சளாகி மறையும். இது ஊதாவாகவே இருந்து பழுப்புக் கறையை விட்டுப்போகும். லண்டன் மருத்துவர் தாமஸ் பேட்மேன் 1818லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். எங்கள் படித்துறைக்கு அது வந்து சேர 160 வருஷம் போதவில்லை.

அப்பாயி நாற்பது வருஷம் வெயிலில் நாற்று நட்டவள். ரவிக்கைக் கைக்குள் இருந்த தோலில் ஒரு திட்டும் கிடையாது, குழந்தைக்கு இருப்பதுபோல் வழவழவென்றிருக்கும். இழுப்புக்கு அவள் வருஷக்கணக்கில் விழுங்கிய சின்ன வெள்ளை மாத்திரையும் ஸ்டீராய்டாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் தோலை மெலிய வைக்கும்.

அம்மாவுக்கு இப்போது 86. எல்லாவற்றையும் சொன்னேன். என் கையை மடியில் இழுத்து வைத்து, கட்டைவிரலுக்கு மேலே இருந்த திட்டைத் தடவினாள்.

"அத்தைக்கும் இங்கதான் இருக்கும்" என்றாள்.