37,28,104 பேரில் நீங்கள் உண்டா?

திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று அரசு ஏட்டைப் புரட்டினால் 37,28,104 என்று வருகிறது. கடைசி நாலு பேரைக்கூட விடாத துல்லியம். புல்லரிக்கிறது.

அது 2011 கணக்கு. அன்று தொட்டிலில் கிடந்தவனுக்கு இன்று மீசை அரும்பிவிட்டது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கைக் கொரோனா விழுங்கிவிட்டதாம். கொரோனா போய், தேர்தல்கள் வந்து போயின; கணக்கெடுப்பவர் மட்டும் வரவில்லை. அதைவிடக் கூத்து, அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் வட்டங்களை 2018-இல் சென்னை மாவட்டம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆக, அந்த 37 லட்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் இப்போது இந்த மாவட்டத்துக்காரர்களே இல்லை. இல்லாத மாவட்டத்தின் பழைய தலைக்கணக்கை வைத்துத்தான் இருக்கிற மாவட்டத்தை ஆள்கிறார்கள்.

மாட்டுக்கு இந்த அவமானம் கிடையாது. கால்நடைக் கணக்கெடுப்பு 2019-இல் நடந்து முடிந்தது. அடுத்தது 2024 அக்டோபரிலேயே தொடங்கியும்விட்டது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் பசுவாகப் பிறந்திருந்தால் இதற்குள் இரண்டு முறை அரசாங்கம் வாசலில் வந்து நலம் விசாரித்திருக்கும். ஒரே ஒரு சிக்கல், மேய இடம் இருக்காது. தேர்வாய்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேலான மேய்க்கால் நிலத்தை சிப்காட் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். தலித் மக்கள் எதிர்த்து நின்றார்கள், கைதானார்கள். மிஷெலின் டயர் தொழிற்சாலை வந்தது. பக்கத்திலேயே நீர்த்தேக்கம் கட்டி 2020-இல் திறந்தார்கள், சென்னையின் தாகம் தீர. நிலத்தை சென்ட் கணக்கில் சர்வே எண் போட்டு அளக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் மேல் நிற்கிற ஆளை எண்ணத்தான் வருஷம் கூடிவரவில்லை.

ஆனால் பிரிக்கச் சொல்லுங்கள், கைதேர்ந்தவர்கள். 1997-இல் செங்கல்பட்டிலிருந்து வெட்டியெடுத்த மாவட்டம் இது. உள்ளே 3 கோட்டம், 9 வட்டம், 14 ஒன்றியம், 526 கிராம ஊராட்சி. மாதவரத்துக்காரருக்குக் கலெக்டர் சென்னையில், எம்.பி. திருவள்ளூருக்கு. திருத்தணிக்காரருக்குக் கலெக்டர் திருவள்ளூரில், எம்.பி. அரக்கோணத்துக்கு. மீஞ்சூரில் அடிதடி என்றால் ஆவடி கமிஷனர், கும்மிடிப்பூண்டியில் என்றால் திருவள்ளூர் எஸ்.பி. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தவறான ஆபீசில் கால் கடுக்க நிற்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் செய்து தர முடியாது.

இந்த 526 ஊராட்சிக்கும் தலைவர்கள் இருந்தார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். ஆறு மாதம் என்று வந்தவருக்கு நீட்டிப்பும் வந்தது. நமக்கென்ன, பழகியதுதானே! 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரையும் இதே தனி அலுவலர் ஆட்சிதான். காரணம் கேட்டால் வார்டு மறுவரையறை என்பார்கள். இடையில் ஊராட்சியைப் பேரூராட்சியோடும் நகராட்சியோடும் மாநகராட்சியோடும் சேர்க்கப் போவதாக அறிவிப்பு வரும். வரி ஏறும், 100 நாள் வேலை போகும் என்று ஜனங்கள் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்கு ஓடுவார்கள். நீ கிராமமா நகரமா என்பதைக்கூட உன்னைக் கேட்காமல் கோட்டையில் முடிவு செய்வார்கள்.

கோட்டையின் அரசாணைக்குக் காத்திராத பிரிவு ஒன்று இங்கே உண்டு: ஊர், காலனி. அதற்கு மறுவரையறை கிடையாது, நீட்டிப்பும் தேவைப்படாது. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்து ஆத்துப்பாக்கத்தில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவரை 2020 சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து நாறிய பிறகு, சில நாள் கழித்துக் கலெக்டரே வந்து ஏற்ற வைத்தார். தோக்கமூரில் தலித் மக்களை மறித்து நின்ற தீண்டாமைச் சுவர் 2023-இல்தான் இடிந்தது. ஊராட்சி எல்லைக் கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று கேட்டால் வி.ஏ.ஓ. நாலு நோட்டைப் புரட்டுவார். இந்த எல்லை எங்கே என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், கையை நீட்டிக் காட்டும்.

எந்தப் பிரிவிலும் அடங்காத ஒரு கூட்டம் மிச்சம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடுகள். பத்துக்குப் பத்து அறை, கயிற்றுக் கொடியில் எண்ணெய்க் கறை படிந்த யூனிஃபார்ம், சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள். பகல் ஷிஃப்ட் போனவன் படுத்த பாயில் நைட் ஷிஃப்ட் முடித்தவன் படுக்கிறான். பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட். இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் நிற்பது இவர்கள்தான். 2011 கணக்கில் இவர்களில் பெரும்பாலோர் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். குடிநீர்க் குழாய்க்கும் குப்பை வண்டிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரைக்கும் இவர்கள் கணக்கிலேயே இல்லை. எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிக்கும் சரக்குக்கும் கணக்கு உண்டு. சரக்கை ஏற்றி இறக்குகிற கைக்குக் கிடையாது.

செத்தால் மட்டும் கணக்கு சுத்தமாக இருக்கும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்தது. 9 பேர், அசாம்காரர்கள். அன்றைக்கே எண்ணிக்கை, இரங்கல், தலைக்கு 10 லட்சம். உயிரோடு இருக்கிறவனை எண்ணப் பதினைந்து வருஷம் போதாத ராஜ்ஜியத்துக்குப் பிணத்தை எண்ண ஒரு பொழுது போதுமாக இருக்கிறது.

இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். கணக்கெடுக்க வழக்கம்போல வாத்தியார்களைத்தான் அனுப்புவார்கள். சார், டீச்சர், சிப்காட் பக்கம் போனால் ஒரே நாளில் இரண்டு தடவை போங்கள், காலையில் ஒரு கூட்டம், ராத்திரி ஒரு கூட்டம். குடும்பத் தலைவர் யார் என்று அந்த அறையில் கேட்டுவிடாதீர்கள், வாடகைக்குப் பொறுப்பானவனைக் காட்டுவார்கள். இந்தி வராவிட்டால் கவலைப்படாதீர்கள், காண்ட்ராக்டரிடம் நோட்டு இருக்கும். யார் எந்த ஊர், எத்தனை ஷிஃப்ட், எவ்வளவு பிடித்தம், எல்லாம் அதில் உண்டு. கேட்டுப் பாருங்கள். ஆள் கணக்கு எதற்கு சார் உங்களுக்கு என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.