எக்செல்லும் பெரிய அத்தையும்

எம்.பி.ஏ. படித்தால் கடன் வாங்கிய காசு திரும்புமா என்று பார்க்க ஒரு எக்செல் ஷீட் போட்டேன். அதில் எம்.பி.ஏ. படித்த நான் ஒரு பக்கம், படிக்காத நான் இன்னொரு பக்கம். படித்தவனுக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் சம்பள உயர்வு. படிக்காதவனுக்கு, பாவம், பத்து வருஷத்துக்கும் ஒரு பைசா கிடையாது. எந்த மேனேஜரும் என்னை இப்படிப் பழிவாங்கியதில்லை.

அப்படியும் விடை 'வேண்டாம்' என்றே வந்தது. 20 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில், பத்து வருஷத் தவணையில் வாங்கினால் மாதம் 26,400 ரூபாய்க்குச் சற்று மேல் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 32 லட்சம் போயிருக்கும். எனவே வட்டியை 9 ஆக்கினேன். எந்த பேங்க் ஒப்புக்கொண்டது என்று கேட்காதீர்கள். படிக்கும்போதும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்டத் தேவையில்லை என்பதை, வட்டியும் கிடையாது என்று வாசித்துக்கொண்டேன். அது பாட்டுக்கு ஏறி அசலோடு சேர்ந்துவிடுமாம். வேலையை விட்டால் போகிற இரண்டு வருஷச் சம்பளத்துக்கு ஷீட்டில் கட்டமே இல்லை. கல்விக்கடன் வட்டிக்கு 80இ பிரிவில் வருமான வரிச் சலுகை உண்டு என்று ஒரு வரிசையைப் பச்சையில் சேர்த்திருந்தேன். நான் இருப்பது புதிய வரி முறையில், அதில் இந்தச் சலுகை இல்லை என்று பக்கத்து சீட்காரர் சொன்னார். வரிசையை அழிக்க மனசு வரவில்லை. பச்சையை மஞ்சளாக்கினேன்.

கல்லூரிகள் விளம்பரப்படுத்தும் சராசரிச் சம்பளத்தையும் அப்படியே என் பெயரில் எழுதிக்கொண்டேன். நாலு பேர் வாங்கும் பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும், நடுவில் நிற்பவன் வாங்குவதைத்தான் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆபீஸில் நான் பார்ப்பதே டேட்டா அனலிஸ்ட் வேலை.

பேங்கில் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "அட்மிஷன் லெட்டர் எங்க தம்பி?"

"இன்னும் கேட் எக்ஸாமே எழுதலை சார்."

அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. பெரிய ஐ.ஐ.எம். என்றால் பிணை இல்லாமலே தருவோம், மற்ற இடங்களுக்கு ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் வேண்டும் என்றார். என் லட்சணம் எனக்குத் தெரியுமாதலால், அன்றே அப்பாவிடம் பத்திரம் கேட்டேன்.

வீடு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. வாரிசுகள் அப்பாவும் மூன்று அத்தைகளும். கையெழுத்துக்காக அப்பா ஊர் ஊராகப் போன் போட்டதில், நவம்பரில் தேர்வு வருவதற்கு முன்பே சொந்தபந்தத்துக்குள் நான் எம்.பி.ஏ. ஆகிவிட்டேன்.

தேர்வில் வந்தது 78 பெர்சன்டைல். சின்ன அத்தை கேட்டபோது "எழுபத்தெட்டு அத்தை" என்று மட்டும் சொன்னேன். "அட, ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார். லட்சக்கணக்கில் எழுதுகிற தேர்வு, எனக்கு முன்னால் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் நிற்கிறார்கள் என்று விளக்கியிருக்கலாம். போனில் சார்ஜ் இல்லை என்றேன்.

அந்தப் பெர்சன்டைலுக்கும் ஒரு கல்லூரி கூப்பிட்டது. ஃபீஸ் மட்டும் ஐ.ஐ.எம்.முக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. ஷீட்டில் சம்பள உயர்வை 18 சதவீதமாக்கியும் விடை மாறவில்லை. கல்லூரிப் பெயர் பெரிதாக இருந்தால் கடனுக்கு அது பாதி பதில் சொல்லும்; இந்தக் கல்லூரியில் முழுப் பதிலையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். அது புரிந்தும் நான் விடுவதாக இல்லை. பெரிய அத்தைதான், "பாகம் பிரிக்காம கையெழுத்துப் போடமாட்டேன்" என்று என் கடனைத் தடுத்தார். ஆபீஸில், "ஆர்.ஓ.ஐ. சரியா வரலை, டிராப் பண்ணிட்டேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் சின்ன அத்தை மகளின் கல்யாணப் பத்திரிகை புரூஃப் வாட்ஸப்பில் வந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் என் பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. "பிழை இருந்தா சொல்லுடா, நாளைக்குப் பிரிண்டுக்குப் போகுது" என்று அத்தை எழுதியிருந்தார். இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைச் சொன்னேன்.