காற்றுக்கு ஒரு தராசு

அருப்புக்கோட்டையில் ஒரு தம்பி பழைய காரை ‘ரேஸ் கார்’ ஆக்கிக்கொண்டிருக்கிறார். சைலன்ஸர் ஏற்கெனவே உறுமுகிறது. அடுத்தது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாராம். “பெருசா போட்டா நெறையக் காத்து போகும்லண்ணே?” என்றார். மரக்காலைப் பெரிதாக்கினால் நெல் கூடிவிடும் என்கிற கணக்கு.

அது காற்றைத் தள்ளுகிற சாமான் அல்ல, எடை பார்க்கிற தராசு. உள்ளே சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பி. போகிற காற்று அதைக் குளிர்விக்கும். சூடு இறங்காமல் காக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று கம்ப்யூட்டர் அளந்து விடுகிறது. டியூனிங் செய்யாமல் குழாயை மட்டும் அகலமாக்கினால் கம்பியைத் தொடும் காற்றின் வேகம் குறையும். ‘காற்றே வரவில்லை போல’ என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கிள்ளிப் போடும்.

அதுவும் கரிசல் புழுதியும் பஞ்சுத் தூசும் பறக்கிற சீமையில்! தம்பி மாட்டியிருப்பதோ எண்ணெய் தடவிய ஃபில்டர். எண்ணெய் மிஞ்சினால் கம்பியில் அப்பும், அதன்மேல் புழுதி குடியேறும். பிறகு தராசு சொல்வதெல்லாம் பொய்.

‘நான் யார்?’ என்று கேட்ட ரமணர் 1879இல் பிறந்த திருச்சுழி பக்கத்தில்தான் இருக்கிறது. ‘என் காரில் இருப்பது எது?’ என்றாவது தம்பி கேட்டிருக்கலாம். பானெட்டைத் திறந்தால் அந்தச் சென்சாரே இல்லை. நம் சின்னப் பெட்ரோல் கார்கள் பலவற்றைப் போல அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான்.

“அப்ப அதுலயே பெரிய சைஸ் இருக்காண்ணே?”

இல்லை தம்பி. நல்ல ஏர் ஃபில்டர் ஒன்று வாங்கு, போதும்.