மதுரைக்குப் போன முதலாளி

எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு நேர்மை முதலாளி இருப்பார். எனக்கு வாய்த்தவர் அறந்தாங்கியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். படியேறியதும் கண்ணில் படுவது துணி அல்ல, போர்டு: 'நேர்மையே எங்கள் மூலதனம்.' அதற்கு நேர் கீழே கல்லா. கல்லாவில் அவர். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா, மேஜைக்குள் இரண்டு நோட்டு. ஒன்று ஆடிட்டர் பார்க்க. மற்றது ஆண்டவனும் அவரும் மட்டும் பார்க்க.

"பில் வேணுமா, எஸ்டிமேட் போதுமா?" என்று அவர் கேட்கும்போது, "காபியா, டீயா?" என்று உபசரிப்பது போலவே இருக்கும். மணமேல்குடியிலிருந்து முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள் மனம் குளிர்ந்து எஸ்டிமேட்டே போதும் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் எங்களுக்கு ஒழுக்க வகுப்பு. பாடம் எப்போதும் பக்கத்து ஆவுடையார்கோயில்தான். "குதிரை வாங்கக் கொடுத்த பணத்துல கோயில் கட்டினதுக்கே, மாணிக்கவாசகரைப் பாண்டியன் வைகை மணல்ல நிறுத்தினான். அடுத்தவன் பணம்னா அப்படிப் பயம் இருக்கணும்டா!" கேட்டுக் கண் கலங்குவோம். எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பி.எஃப். என்று பிடித்த பணம் எந்த ஆபீசுக்கும் போய்ச் சேரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மாணிக்கவாசகர் கோயில் கட்டினார். முதலாளி மாடி கட்டினார். நரியைப் பரியாக்க இங்கே யாரும் வரவில்லை.

அந்தக் கோயிலில் இன்னொரு விசேஷம். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும்தான். புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொட்டி, அதன் ஆவியைத்தான் சாமிக்கு நைவேத்தியம் செய்வார்கள். எங்கள் தீபாவளி போனசும் அதே முறைதான். குறைந்தது 8.33 சதவீதம் என்பது சட்டம். முதலாளி அதை ஐப்பசி முழுக்கப் பேசுவார். வாசனை வரும், ஆவி வரும். சோறு உள்ளே போய்விடும்.

2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை கட்டாயம் என்றது. எங்கள் கடையிலும் ஆறு நாற்காலி வாங்கினார்கள். அவை குடோனில் இருந்தன. இன்ஸ்பெக்டர் வரும் தகவல் கிடைத்தால் அவை வெளியே வரும். அவர் போனதும் உள்ளே போகும். நாள் முழுக்க நாங்கள் நின்றோம், நாற்காலிகள்தான் ஓய்வெடுத்தன.

சின்ன ஊரின் சின்ன புத்தி என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி, பெயரே சத்யம். நல்ல நிர்வாகத்துக்கென்று 2008-ல் தங்க மயில் விருது வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகக் கணக்கை ஊதிக் காட்டியதாகக் கடிதம் எழுதினார். ஓட்டை 7,000 கோடிக்கு மேல். அங்கே மயில், இங்கே போர்டு.

எங்கள் கதைக்கு வருகிறேன். சரக்கு போட்டவர் பாக்கி கேட்டு வந்தால், முதலாளி மெல்ல குடோனுக்குள் நுழைவார். கல்லாப் பையன் மனப்பாடமாய் ஒப்பிப்பான்: "முதலாளி மதுரைக்குப் போயிருக்காக." மாதத்தில் பத்து நாள் அவர் மதுரையில்தான் இருந்தார், குடோன் வழியாக.

ஒருநாள் அந்தப் பையன் சொல்லாமல் மட்டம் போட்டுவிட்டான். மறுநாள் முதலாளி கொதித்தார். "லீவுன்னா நேர்ல வந்து சொல்லணும்னு தெரியாதா? நேர்மை வேணாமா?"

பையன் பணிவாகச் சொன்னான்: "சொல்லத்தான் முந்தாநாள் வந்தேன் முதலாளி. நீங்க மதுரையில இருந்தீக."

கடையே சிரிப்பை அடக்கிக்கொண்டு துணி மடித்தது. முதலாளிக்கு மட்டும் புரியவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தப் போர்டை நாங்கள் தினமும் படித்தோம். அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள்: போர்டைக் கல்லாவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டுங்கள்.